அறுபதில் நின்ற முள்

மூன்றாவது நோட்டீஸைத் தம்பி கொண்டுவந்தபோது அண்ணன் ஒரு காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். வெளியே தெரிந்தவை இரண்டு கால்கள் மட்டும். தம்பி அந்தக் கால்களிடம்தான் விஷயத்தைச் சொன்னான்.

“அண்ணே, அறுபதுக்கு மேல போகக் கூடாத ரோட்டுல எழுபத்தெட்டுல போனேன், கேமரால விழுந்திருக்குன்னு போட்டிருக்காங்க. சத்தியமா மீட்டர்ல அறுபதுதான் இருந்துச்சு.”

கால்கள் அசையவில்லை.

“முள்ளையே பாத்துக்கிட்டுத்தாண்ணே ஓட்டினேன்.”

“முள்ளையே பாத்தா ரோட்டை யாரு பாத்தது, உன் மாமனாரா?” என்று காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

எந்த நேரத்திலும் அவருக்கு இந்த மாதிரி பதில்தான் வரும். மனிதர் கெட்டவர் இல்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது தம்பிக்கு வயது ஏழு, இவருக்கு இருபத்தொன்று. சோறு வடித்துப் போட்டதும், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போட்டதும், பள்ளிக்கூடத்தில் போய்க் கைகட்டி நின்றதும் இவர்தான். அதில் கல்யாண வயசு கடந்துபோய்விட்டது. பிறகு மெக்கானிக் ஷெட்டையே கட்டிக்கொண்டு காலத்தை ஓட்டினார். தம்பி மேல் பாசம் ஏகத்துக்கும் உண்டு. நம்பிக்கைதான் கிடையாது.

காரணம் இல்லாமலும் இல்லை. இருபது வயதில் தம்பிக்கு ஷெட்டில் ‘ஜெட்’ என்று பெயர். ரிப்பேருக்கு வந்த வண்டியை டிரையல் பார்க்கிறேன் என்று எடுத்துப்போய் ஒரு செருப்புக் கடையின் ஷட்டரை இடித்துக்கொண்டு உள்ளே விட்டவன். கடைக்காரரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, போலீஸ் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்து மீட்டுக்கொண்டு வந்தவர் அண்ணன். அதோடு பையன் அடங்கிவிட்டான். கல்யாணம் ஆயிற்று, ஒரு பெண் குழந்தை பிறந்தது, சொந்தமாகப் பழைய வேன் ஒன்றும் வாங்கினான். ஆஸ்பத்திரிகளில் அழுக்கு விரிப்புகளை மூட்டை மூட்டையாக அள்ளிச் சலவை ஆலையில் போட்டுவிட்டு, வெளுத்துவைத்ததைத் திரும்பக் கொண்டுபோய் இறக்க வேண்டும். வண்டியில் ஏறினால் போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிடுவான். ஒன்பது வருஷமாக ஒரு நோட்டீஸ் வந்தது கிடையாது. ஒன்பது வருஷம் என்ன, தொண்ணூறு வருஷம் ஆனாலும் அண்ணன் மனசில் அவன் ஜெட்தான்.

இப்போது ஐந்தே மாதத்தில் மூன்று நோட்டீஸ். அந்த ஊரில் சட்டம் கொஞ்சம் கெடுபிடியானது. குறித்த வேகத்தைக் கால் பங்குக்கு மேல் தாண்டினால் அதற்கு ‘அதிவேகம்’ என்று தனிப் பெயர். முதல் தடவை அபராதம், இரண்டாம் தடவை அதைவிடப் பெரிய அபராதம். ஒரே வருஷத்தில் மூன்றாம் தடவை என்றால் லைசென்ஸ் ரத்து, ஆறு மாதம் உள்ளே. முதல் இரண்டுக்கும் தம்பி முணுமுணுத்தபடியே போய்க் கட்டிவிட்டு வந்திருந்தான். கட்டினாலே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம் என்று நோட்டீஸின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்தது. அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்?

“மீட்டர்லதாண்ணே ஏதோ கோளாறு,” என்றான் தம்பி. “நீ கியர்பாக்ஸ் மாத்திக் குடுத்ததுக்கு அப்புறந்தான் இந்த எழவெல்லாம் ஆரம்பிச்சுது. மைலேஜும் குறைஞ்சுபோச்சு.”

அவ்வளவுதான். அண்ணன் காருக்கு அடியிலிருந்து சரக்கென்று வெளியே வந்தார்.

கியர்பாக்ஸ் பேச்சை அவன் எடுத்திருக்கக் கூடாது. பழையது பல் உடைந்து கத்த ஆரம்பித்தபோது, பழைய வண்டிகளை உடைத்து விற்கும் யார்டு யார்டாக ஏறி இறங்கி, அதே அளவில் வேறொரு வண்டியின் கியர்பாக்ஸைத் தேடிப் பிடித்து வந்தவர் அவர். இரண்டு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டை மறந்து உட்கார்ந்து மாட்டிக் கொடுத்தார். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி கியர் விழுகிறது என்று அன்றைக்குத் தம்பியே சொன்னான். முப்பது வருஷத்தில் இந்த ஷெட்டிலிருந்து வெளியே போன எந்த வண்டியும் குறை என்று திரும்பி வந்ததில்லை என்பது அவருடைய பெருமை. பெருமை என்று அவருக்கு இருந்தது அது ஒன்றுதான்.

“என் வேலையைக் குறை சொல்றியா?” என்றார். “மைலேஜ் குறையுதாம்ல மைலேஜ்! காலை அமுக்கி மிதிச்சா குறையாம கூடுமாடா? நீ போடுற டீசலே உன்னைக் காட்டிக் குடுக்குது.”

“நான் மிதிக்கலண்ணே.”

“அப்போ ஷட்டரை இடிச்சதும் நீ இல்ல, அதுவா வந்து உன் வண்டியில மோதிச்சு. போடா.”

தம்பி நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

நோட்டீஸை எதிர்த்து வழக்காடுவது என்று முடிவாயிற்று. அண்ணனுக்குத் தெரிந்த ஒரு வக்கீல் அம்மா இருந்தார். தன் காரைப் பன்னிரண்டு வருஷமாக இதே ஷெட்டில் விடுகிறவர். அவர் விஷயத்தைப் பிட்டுப் பிட்டு வைத்தார். கேமரா பொய் என்று சொல்லி ஜெயிக்க முடியாது. மாதாமாதம் சோதித்து முத்திரை போடுகிறார்கள். ஆனால் வண்டியின் மீட்டர் தப்பாகக் காட்டியது, ஓட்டியவனுக்கு அது தெரியாது என்று நிரூபித்தால், மூன்றாவது நோட்டீஸ் அதிவேகக் கணக்கில் சேராது. வெறும் அபராதத்தோடு போய்விடும்.

“அப்போ மீட்டரை நல்லா செக் பண்ணுங்க,” என்றார் வக்கீல் அம்மா. “உங்களைவிட வேற யாருக்கு அந்த வண்டியைத் தெரியும்?”

அண்ணன் செக் பண்ணினார். பண்ணவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பின்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தார். முள் ஆடாமல் அசங்காமல் ஏறியது, ஆடாமல் இறங்கியது. மீட்டர் கேபிளை உருவி, துடைத்து, கிரீஸ் தடவி மாட்டினார். எந்த இடத்திலும் வழுக்கவில்லை. பத்து நிமிஷத்தில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். ஒரு மீட்டர் கெட்டுப்போனால் எப்படிக் கெடும் என்று அவருக்குத் தெரியும்: முள் துடிக்கும், இல்லாவிட்டால் படுத்துவிடும். இது இரண்டும் இல்லை. நன்றாக வேலை செய்துகொண்டே தப்பாகக் காட்டும் மீட்டரை அவர் தேடவே இல்லை. தேடினால் தன் வேலையில் அல்லவா தேட வேண்டும்?

“சின்னதா ஒரு சந்தேகம் இருக்குன்னாவது சொல்ல முடியுமா?” என்று வக்கீல் அம்மா கேட்டுப் பார்த்தார்.

“இல்லாததை எப்படி மேடம் சொல்றது? பிரமாணம் எடுத்துட்டுப் பொய் சொல்லச் சொல்றீங்களா?”

வக்கீல் அம்மா அவரைச் சாட்சியாகக் கூப்பிடவில்லை. அரசாங்க வக்கீல் கூப்பிட்டார். வண்டியின் பராமரிப்புப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் இவருடைய ஷெட்டின் முத்திரை இருந்ததே, அது போதாதா?

நீதிமன்றம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மூன்றாவது மாடியில் ஒரு அறை. இருக்கைகளின் நுரை பிய்ந்திருந்தது. முன்வரிசையில் தம்பி, கல்யாணத்துக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் மனைவி, நாலு மாதக் கர்ப்பம். மீட்டரைப் பற்றி அரசாங்க வக்கீல் கேட்டது இரண்டே கேள்விதான்.

“இந்த வண்டியோட வேகமானி சரியா வேலை செய்யுதா?”

“சரியா வேலை செய்யுது.”

“உறுதியா சொல்றீங்களா?”

“என் கை பட்ட வண்டிங்க. அடிச்சு சொல்றேன்.”

தம்பி தலையைத் தூக்கி ஒரே ஒரு தடவை அண்ணனைப் பார்த்தான். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. அண்ணன் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆறு மாதம் என்று தீர்ப்பு வந்தபோது அவர் பதறி எழுந்து நின்றது உண்மை. ஆனால் கூடவே, இப்போதாவது புத்தி வரட்டும் என்ற நினைப்பும் எட்டிப் பார்த்தது. அந்த நினைப்புக்காக அவர் பின்னால் தன்னைத்தானே எவ்வளவு திட்டிக்கொண்டாலும், அது வந்ததென்னவோ வந்ததுதான்.

வெளியே மாடிப்படியில் தம்பி மனைவி அவரை நிறுத்தினாள்.

“மாமா, அவர் பொய் சொல்ல மாட்டார்.”

“நான் மட்டும் பொய் சொன்னேனாம்மா?”

“நீங்களும் சொல்லல. ஆனா ஒரு தடவை அந்த வண்டியை ரோட்டுல ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லியிருக்கலாம்.”

பாவம், வயிற்றுப்பிள்ளைக்காரி, வேதனையில் பேசுகிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார்கள். ஒரு வாரம் வண்டி போகாவிட்டால் அந்த வேலை வேறொருவன் கைக்குப் போய்விடும்; தம்பி குடும்பத்துக்கு அதுதான் சோறு. அண்ணன் ஷெட்டை மதியத்துக்கு மேல் திறப்பது என்று வைத்துக்கொண்டு, காலையில் வேனை எடுத்தார். விடிந்ததும் முதல் லோடு. ஊரைச் சுற்றிப் போகும் அகலமான சாலை, அந்த நேரத்தில் ஈ காக்கை இருக்காது. முள்ளை அறுபதில் நிறுத்தி, அதற்கு மேல் மயிரிழை போகாமல் ஓட்டினார். ஒழுங்காக ஓட்டுவது எப்படி என்று யாருக்கோ காட்டுகிற மாதிரி ஓட்டினார்.

இரண்டாம் வாரம் ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அம்மா கணக்கில் கையெழுத்து வாங்கிக்கொண்டே சொன்னார்: “உங்க தம்பி மாதிரியே நீங்களும் டாண்ணு வந்துடுறீங்க. நடுவுல நாலு நாள் வேற வண்டி வந்துச்சு, தினம் கால் மணி நேரம் லேட்டு.”

அண்ணனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அறுபதைத் தாண்டாமலே நான் நேரத்துக்கு வருகிறேனே, இவனுக்கு மட்டும் எதற்குப் பறக்க வேண்டியிருந்தது என்று வழியெல்லாம் மனசுக்குள் தம்பியோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தார்.

ஐந்தாம் வாரம் தபால்காரர் ஷெட்டில் ஒரு உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே வேனின் பின்பக்கப் படம். காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிஷம். அறுபது ரோட்டில் எழுபத்தெட்டு.

முதலில் கேமராவைத் திட்டினார். பிறகு தபால்காரரைத் திட்டினார். தேதியைப் பார்த்தார். அந்தக் காலையை அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, ஏனென்றால் எல்லாக் காலையும் ஒன்றேதான்: முள் அறுபது, கால் அசையவில்லை. ‘முள்ளையே பாத்துக்கிட்டுத்தான் ஓட்டினேன்’ என்று வாய்விட்டுச் சொன்னார். சொன்ன பிறகுதான் அது யார் சொன்ன வார்த்தை என்று உறைத்தது.

வேனுக்கு அடியில் புகுந்தார். என்ன தேட வேண்டும் என்று இப்போது அவருக்குத் தெரிந்தது. கியர்பாக்ஸின் வால்பக்கத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் இருக்கும். மீட்டர் பினியன் என்பார்கள். சக்கரம் சுழல்வதைக் கேபிள் வழியாக முள்ளுக்குச் சொல்லுவது அதுதான். வண்டிக்கு வண்டி அதன் பல் எண்ணிக்கை மாறும். கியர்பாக்ஸை மாற்றினால் பழையதிலிருந்து பினியனை உருவிப் புதியதில் போட வேண்டும். இது முதல் வருஷம் வேலை பழகுகிறவனுக்கே தெரிந்த பாடம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தவர், எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவர், அதை மறந்துவிட்டிருந்தார்.

மாட்டிய கியர்பாக்ஸோடு வந்த பினியனைக் கழற்றி விளக்கில் காட்டி எண்ணினார். இருபத்திரண்டு பல். மூலையில் கிடந்த உடைந்த கியர்பாக்ஸைத் திறந்து பழையதை எடுத்து எண்ணினார். பதினேழு. பல் கூடினால் கேபிள் மெதுவாகச் சுற்றும், முள் குறைத்துக் காட்டும். அறுபது என்று காட்டும்போது வண்டி எழுபத்தெட்டில் போகும். ஓடிய தூரத்தை எண்ணுவதும் அதே பினியன்தான், அதனால் தூரமும் குறைவாக விழும், மைலேஜ் குறைந்தது போலத் தெரியும். பையன் சொன்னது அத்தனையும், ஒரு வார்த்தை பாக்கியில்லாமல், உண்மை.

அப்புறம் அவர் செய்ததை என்னவென்று சொல்வது? யோசித்துச் செய்திருந்தால் செய்திருக்கவே மாட்டார். யோசிக்கவில்லை. முப்பது வருஷமாகத் தப்பைக் கண்ட இடத்திலேயே சரிசெய்து பழகிய கை அது. மனசு தம்பியிடம் போய் நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க, கை பதினேழு பல் பினியனைத் துடைத்து, எண்ணெய் தொட்டு, உள்ளே தள்ளி, போல்ட்டை முடுக்கிவிட்டது. வேனை எடுத்துக்கொண்டு சுற்றுச்சாலைக்குப் போனார். கிலோமீட்டர் கல்லுக்குக் கல், அறுபதில் ஓட்டிக் கடிகாரத்தைப் பார்த்தார். சரியாக ஒரு நிமிஷம். இந்தச் சோதனைக்கு ஆகிற நேரமே அவ்வளவுதான். வண்டியை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து, அந்த ஐம்பது வயது மனிதர் வாய்விட்டு அழுதார்.

அங்கிருந்து நேராக வக்கீல் அம்மாவிடம் ஓடினார். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“இது போதும்! மறுவிசாரணை கேக்கலாம். வண்டியை அப்படியே வைங்க, யாரும் தொடக் கூடாது. அரசாங்க வாகன ஆய்வாளர் வந்து மீட்டரைச் சோதிக்கட்டும்.”

அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்தார்.

“என்ன?”

“மாத்திட்டேன் மேடம்.”

“எதை மாத்திட்டீங்க?”

“பினியனை. தப்பா இருந்துச்சு. சரியானதைப் போட்டுட்டேன்.”

வக்கீல் அம்மா பேனாவை மூடினார். மூடியதைத் திறந்தார். “தப்பா இருந்ததுதானே நமக்கு வேணும்? அதைப் போய் ஏன் தொட்டீங்க?”

“தப்பா இருந்துச்சே,” என்றார் மறுபடியும். கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த இருபத்திரண்டு பல் சக்கரத்தை மேசைமேல் வைத்தார். வக்கீல் அம்மா அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எந்தக் கடையில் கேட்டாலும் ஒரு டப்பா நிறைய இது கிடைக்கும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. திரும்ப அதையே மாட்டிவிடட்டுமா என்று அண்ணன் தணிந்த குரலில் கேட்டார். புதிதாகக் கழற்றி மாட்டின தடயம் ஆய்வாளர் கண்ணுக்குத் தப்பாது, சாட்சியத்தை ஜோடித்ததாக உங்களையும் உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று வக்கீல் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

இருந்தாலும் மனு போட்டார்கள். தம்பியின் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யவும், அண்ணனின் நோட்டீஸை ரத்து செய்யவும், இரண்டும் சேர்த்து ஒரே மனு. அதே மூன்றாவது மாடி, அதே நீதிபதி. வாகன ஆய்வாளர் வேனைச் சோதித்து எழுதிக் கொடுத்த சான்றிதழைப் படித்தார்கள். வேகமானி மிகத் துல்லியமாக உள்ளது. முப்பது வருஷத் தொழிலில் அரசாங்கம் அவருடைய வேலைக்குக் கொடுத்த ஒரே நற்சான்று அதுதான்.

வக்கீல் அம்மா தொண்டை வறளப் பேசினார். நான்கு நோட்டீஸிலும் வேகம் ஒரே விகிதத்தில் கூடியிருப்பதைக் காட்டினார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே மாதிரி ஓட்டுகிறார்கள், ரத்தத்தில் ஓடுகிறது போலிருக்கிறது என்றார் அரசாங்க வக்கீல். யாரோ சிரித்தார்கள். மைலேஜைப் பற்றிச் சொன்னபோது, வேகமாக ஓட்டினால் டீசல் அதிகம் செலவாகும் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியுமே என்றார். அண்ணனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது, ஏனென்றால் அந்த வாதத்தை முதலில் சொன்னவரே அவர்தான்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். கடுமையாகக்கூடப் பேசவில்லை.

“போன தடவை பிரமாணம் எடுத்துட்டு மீட்டர் சரின்னு அடிச்சு சொன்னீங்க. இப்போ பிரமாணம் எடுத்துட்டு தப்புன்னு சொல்றீங்க. நடுவுல உங்க தம்பி ஜெயிலுக்குப் போயிருக்காரு, உங்களுக்கும் ஒரு நோட்டீஸ் வந்திருக்கு. உங்க ரெண்டு சாட்சியத்துல ஆய்வாளரோட சோதனைக்குப் பொருந்துறது முதல் சாட்சியம்தான். நான் எதை நம்பணும்?”

“ரெண்டாவதை நம்புங்கய்யா. மொதல்ல சொன்னப்போ எனக்குத் தெரியாது. அவன் ஒன்பது வருஷமா ஒழுங்கா ஓட்டுற பையன்யா.”

அந்த வார்த்தையை முதல் தடவையே சொல்லியிருக்கலாம். மனு தள்ளுபடியாயிற்று. அவருடைய நோட்டீஸும் உறுதியாயிற்று.

நடந்த எல்லாவற்றையும் தம்பி மனைவியிடம் அவரே போய்ச் சொன்னார். ஏழாம் மாதம் அவளுக்கு. குழந்தையின் சின்னச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தாமலே கேட்டாள். கத்தித் தீர்த்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“அங்க வாராவாரம் ஒரு வகுப்பு வைக்கிறாங்க மாமா,” என்றாள் கடைசியில். “வண்டி கேஸ்ல உள்ள போனவங்களுக்கு. எழுந்து நின்னு, நான் வேகமா ஓட்டினேன், அது என் தப்பு, இனிமே செய்ய மாட்டேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லணும். சொல்றவங்களுக்கு ரெண்டு மாசம் குறைப்பாங்களாம். இவர் மட்டும் சொல்லவே மாட்டேங்கிறாராம். மூணு மாசமா எழுந்து நின்னு, மீட்டர்ல அறுபதுதான் இருந்துச்சுன்னே சொல்லிட்டு உக்காந்துடுறாராம். திருந்தலைன்னு எழுதி வெச்சிருக்காங்க. நாளைக்குதான் கடைசி வகுப்பு. நாளைக்குச் சொன்னாக்கூடப் போதும், அடுத்த மாசமே விட்டுடுவாங்க. எனக்கு வலி எடுக்கிறப்போ வீட்டுல இருப்பார்.”

சட்டையை அடுக்கில் வைத்தாள்.

“என்னால அவர்கிட்ட அதைச் சொல்ல முடியாது மாமா. நான் மொதல் நாள்லேர்ந்து அவரை நம்பினவ. நீங்க போய்ச் சொல்லுங்க.”

சிறையில் பார்க்க வருகிறவர்களுக்கென்று ஒரு நீள மேசை போட்டு, நடுவில் கண்ணாடி வைத்திருந்தார்கள். கண்ணாடியின் அடியில் குரல் போக ஓட்டைகள். தம்பி இளைத்திருந்தான், தலையை ஒட்ட வெட்டிவிட்டிருந்ததில் காது இரண்டும் தனியாகத் தெரிந்தன. மனு போட்ட விஷயத்தை வக்கீல் அம்மா அவனுக்கு எழுதியிருந்தார், காரணமும் முடிவும் அவனுக்குத் தெரியாது. அண்ணன் ஒன்றையும் மறைக்கவில்லை. பினியனைச் சொன்னார், இருபத்திரண்டையும் பதினேழையும் சொன்னார், மாற்றித் தொலைத்ததையும், நீதிபதி கேட்ட கேள்வியையும் சொன்னார். ஓட்டைகளுக்குக் குனிந்து குனிந்து சொன்னதில் முதுகு வலித்தது.

தம்பி ஓட்டைகளுக்குக் கிட்டே குனிந்தான்.

“அப்போ நான் வேகமா ஓட்டல,” என்றான்.

“நீ ஓட்டலடா.”

“இன்னொரு தடவை சொல்லுண்ணே.”

“நீ ஓட்டல. நீ சொன்னதெல்லாம் நிஜம். நான்தான்டா பாவி.”

தம்பியின் முகம் மலர்ந்தது. ஜெயிலுக்குள் உட்கார்ந்திருக்கிறவன் முகம் அப்படி மலருமா என்று தோன்றும்படி மலர்ந்தது. “நடுவுல எனக்கே சந்தேகம் வந்துடுச்சுண்ணே. நெஜமாவே ஓட்டியிருப்பேனோ, தெரியாம மிதிச்சிருப்பேனோன்னு ராத்திரியெல்லாம் புரண்டிருக்கேன். இருந்தாலும் வகுப்புல சொல்லல. நாளைக்கும் சொல்ல மாட்டேன். எங்க அண்ணனே வந்து சொல்லிட்டுப் போயிட்டாரு, மீட்டர்தான் தப்புன்னு, அப்படின்னு எல்லார் முன்னாலயும் சொல்லப்போறேன்.”

காவலர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் நாலு நிமிஷம் இருக்கிறது என்று விரலைக் காட்டினார்.

“அது வேணாம்டா.”

“எது வேணாம்?”

“அவங்க சொல்லச் சொல்றதைச் சொல்லிடு.”

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. “வேகமா ஓட்டினேன்னா?”

“அவளுக்கு ஏழு மாசம். ரெண்டு மாசம் குறைப்பாங்க. சொல்லிட்டு வீட்டுக்கு வந்துடு.”

“நீ இப்போதாண்ணே என்னை நம்பின.”

“ஆமா.”

“நம்பிட்டு, பொய் சொல்லச் சொல்றியா?”

பிரமாணம் எடுத்துப் பொய் சொல்ல மாட்டேன் என்று வக்கீலிடம் முறுக்கிக்கொண்டு நின்ற மனிதர், “ஆமாண்டா, சொல்லு,” என்றார்.

தம்பி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தான். காவலர் வந்து அவன் தோளைத் தொட்டார். எழுந்து நின்று, வகுப்பில் நிற்கிற மாதிரி கையைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக, “நான் வேகமா ஓட்டினேன்,” என்றான். “சரியா இருக்காண்ணே?”

“சரியா இருக்கு,” என்றார் அண்ணன்.